உள்ளூர் வார இதழ் முன்பே எழுதியும் ஜார்ஜ் சாண்டோஸ் எப்படி வென்றார்?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ் சாண்டோஸ் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் பலரும் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. 2022 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் 3ஆவது தொகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான அவர், பரூக் கல்லூரியில் பட்டம் பெற்றதாகவும், கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டிகுரூப் ஆகிய பெரும் நிதி நிறுவனங்களில் பணியாற்றியதாகவும், தம் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர்கள் என்றும் வாக்காளர்களிடம் சொல்லியிருந்தார். தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆன பிறகு, டிசம்பர் 19 அன்று, நியூயார்க் டைம்ஸ் அந்த வாழ்க்கைக் குறிப்பின் பெரும்பகுதிக்கு ஆதாரமே இல்லை என்று எழுதியது.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தத் தொகுதியின் பெரும்பகுதி அமைந்துள்ள லாங் ஐலண்ட் தீவின் வடகரையில் வெளிவரும் 'நார்த் ஷோர் லீடர்' என்ற சிறிய வார இதழ், தேர்தலுக்கு முன்பே, செப்டம்பரிலேயே, அவருடைய சொத்து விவர அறிக்கையைப் படித்துச் சந்தேகம் எழுப்பியிருக்கிறது. 2020இல் போட்டியிட்டபோது 55,000 டாலர் சம்பளத்தைத் தவிரச் சொல்லத்தக்க சொத்து எதையும் காட்டாதவர், இரண்டே ஆண்டுகளில் 7,50,000 டாலர் சம்பளமும் 1.1 கோடி டாலர் வரை மதிப்பிடத்தக்க சொத்தும் உள்ளவராக எப்படி மாறினார் என்று அந்த இதழ் கேட்டது. ஊருக்கு அருகிலிருந்த ஒருவர் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி வாக்குச்சாவடி வரை போய்ச் சேரவில்லை. ஏன் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: நாசோவாசி

வணக்கம் வைகைக்கரை. அந்தத் தொகுதியில் குடியிருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு நான் வாக்களித்த முதல் தேர்தல் அது. இரு கட்சிகளின் துண்டறிக்கைகளும் வாரந்தோறும் அஞ்சல் பெட்டியில் வந்து குவிந்தன. தொலைக்காட்சியில் குற்றங்களைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் விளம்பரங்கள் ஓயாமல் ஓடின. ஆனால் அப்படி ஒரு வார இதழ் இருக்கிறது என்பதே எனக்குத் தேர்தல் முடிந்த பிறகு, நியூயார்க் டைம்ஸ் செய்தியின் தொடர்ச்சியாக வந்த கட்டுரைகளைப் படித்தபோதுதான் தெரியவந்தது. எங்கள் தெருவில் எவரும் அதை வாங்குவதை நான் கண்டதில்லை. தொகுதியோ லாங் ஐலண்டில் உள்ள நாசோ கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தொடங்கி நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதி வரை நீள்கிறது. இதழ் சென்றடையும் ஊர்களோ அதில் ஒரு பகுதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இதழின் வெளியீட்டாளர் சாண்டோஸின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். முன்பு அக்கட்சியின் வேட்பாளராகவும் நின்றவர். அப்படியிருந்தும் அக்டோபரில் அந்த இதழ் தன் தலையங்கத்தில், குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரிக்கவே விரும்பினாலும் இவரை ஆதரிக்க முடியாது என்று எழுதி, எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் சிம்மர்மனுக்கு ஆதரவு தெரிவித்தது. கட்சிப் பற்றுக்கு மேலாக ஊர் நலனை வைத்த ஒரு பத்திரிகை என் வீட்டிலிருந்து அதிகத் தொலைவு இல்லாத இடத்தில் அச்சாகிக்கொண்டிருந்தபோது நான் துண்டறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

மறுமொழி 2: பழைய நிருபர்

மதுரைப் பகுதியில் மாவட்ட நிருபராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அமெரிக்கப் பத்திரிகை உலகமும் நம்முடையதும் வேறுவேறு என்றாலும், ஒரு செய்தி எப்படி நகர்கிறது என்பது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எங்கள் காலத்தில் மற்றொரு பத்திரிகையில் வந்த செய்தி நம் பத்திரிகையில் விடுபட்டுப் போயிருந்தால், காலை ஏழு மணிக்கெல்லாம் செய்தி ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்துவிடும். மூலையில் வெளிவரும் நான்கு பக்கச் சிற்றிதழாக இருந்தாலும் அதைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி. சிற்றிதழ் சந்தேகத்தை எழுப்பும். மாவட்டப் பதிப்பு அதை விசாரிக்கும். விசாரணையில் பொருள் இருந்தால் தலைநகரப் பதிப்புக்குப் போகும். இந்த ஏணியில் நடுப்படிகள்தான் அமெரிக்காவில் அதிகமாக உடைந்திருக்கின்றன. 2005க்குப் பிறகு அந்த நாட்டின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டதாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். மூடப்படாதவற்றிலும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு என்று வந்துகொண்டிருந்த வரி விளம்பரங்களை முதலில் கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் எடுத்துக்கொண்டன. எஞ்சிய விளம்பரங்கள் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போயின. பத்திரிகைகளை வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள் சில, கட்டடத்தை விற்று ஆட்களை அனுப்பிவிட்டு, கிடைத்தவரை லாபத்தைக் கறந்துகொண்டன.

லீடர் இதழ் செய்தது எதுவரை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அது சொத்து விவர அறிக்கையைப் படித்தது, முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது, ஆசிரியர் குழுவின் தீர்ப்பையும் கடுமையாக எழுதியது. ஆனால் கல்லூரிப் பதிவாளரை அழைத்துப் பட்டம் உண்டா என்று கேட்பதும், இரண்டு பெரும் நிறுவனங்களில் அவர் வேலை பார்த்த பதிவு உண்டா என்று உறுதிசெய்வதும், பிரேசிலில் அவர்மீது இருந்த பழைய காசோலை மோசடி வழக்கின் தாள்களைத் தேடி எடுப்பதும் பின்னர் நியூயார்க் டைம்ஸ் செய்த வேலைகள். அவற்றில் பல ஒரு தொலைபேசி அழைப்பில் முடிபவை. ஆனாலும் அந்த அழைப்பைச் செய்ய வேறு வேலை இல்லாத ஒருவர் வேண்டும். அவருக்கு ஓரிரு வாரச் சம்பளம் வேண்டும். வழக்கு வந்தால் தாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் வேண்டும்.

நிருபர் எவரும் எட்டிப்பார்க்காத ஊரில் பொய் எவ்வளவு துணிச்சலாக வளரும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெல் நகரத்தை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். ஏறத்தாழ 36,000 பேர் வசிக்கும் ஏழை உழைப்பாளர் ஊர் அது. அதன் நகர நிர்வாகி ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு 7,87,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 2008இல் ஊர்வாசி ஒருவர் முறைப்படி சம்பள விவரம் கேட்டபோது, தொகையைப் பல மடங்கு குறைத்துக் காட்டும் பொய்யான தாளை நகராட்சியே கொடுத்து அனுப்பியது. 2010இல் பக்கத்து ஊரான மேவுட் பற்றி விசாரிக்கப்போன லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர் வழியாகத்தான் உண்மை வெளிவந்தது. நகரமன்றக் கூட்டத்தின் கடைசி வரிசையில் மாதந்தோறும் ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தால், அவர் ஒரு வரியும் எழுதாமல் போனாலும், அந்தச் சம்பளம் அவ்வளவு உயர்ந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 3: சட்டப்பிரிவு

பழைய நிருபர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் பொறுப்புக்கூறல் என்ற சொல்லை இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டும். வாக்காளரிடம் சொன்ன பொய்க்காகச் சாண்டோஸ் தண்டிக்கப்படவில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் பொய் சொல்வதை மட்டுமே காரணமாகக் கொண்டு தண்டிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்பதே, பெறாத ராணுவப் பதக்கத்தைப் பெற்றதாகச் சொன்னவர் தொடர்பான 2012ஆம் ஆண்டு ஆல்வாரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காட்டிய போக்கு. சாண்டோஸ்மீது சுமத்தப்பட்ட 23 குற்றச்சாட்டுகள் பண மோசடி, பிறர் அடையாளத்தைத் திருடுதல், சபைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் பொய்யான அறிக்கை அளித்தல் போன்றவை. 2023 டிசம்பர் 1 அன்று 311க்கு 114 என்ற வாக்குகளில் சபை அவரை வெளியேற்றியது. 2024 ஆகஸ்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 ஏப்ரலில் 87 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குச் சென்று மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், அக்டோபர் 17 அன்று அதிபர் டிரம்ப் எஞ்சிய தண்டனையை நீக்கிவிட்டார்.

ஆகவே வாக்காளருக்குச் சொன்ன பொய்க்கு உரிய ஒரே தண்டனை தேர்தல் நாளன்று வாக்காளர் வழங்குவதுதான். அந்த நாளைக் கடந்து வரும் செய்தி எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும், அந்தத் தண்டனையை வழங்கும் வாய்ப்பு கைவிட்டுப் போய்விடுகிறது.

மறுமொழி 4: தென்றல்வழி

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமா? எதிர்க்கட்சியினர் அவரைப் பற்றி நீண்ட ஆய்வறிக்கை தயாரித்தும் கல்லூரிப் பட்டத்தைச் சரிபார்க்கவில்லை. அவருடைய தேர்தல் குழுவே 2021இன் இறுதியில் அவரது பின்னணியை ஆராயச் சொல்லி, பொய்களைக் கண்டு, போட்டியிலிருந்து விலகிவிடுமாறு அவருக்கு அறிவுரை சொன்னதாகவும், அவர் மறுத்தபோது சிலர் வேலையை விட்டு விலகியதாகவும் பின்னர் செய்தி வந்தது. தெரிந்தவர்கள் தெரிந்தே மௌனமாக இருந்தார்கள்.

மறுமொழி 5: பழைய நிருபர்

தென்றல்வழி, நீங்கள் சொல்வது சரிதான்; அவர்கள் பேசாமல் இருந்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இப்படி விலகி வருபவர்கள் மனம் பொறுக்காமல் முதலில் யாரிடம் பேசுவார்கள்? பல ஆண்டுகளாகக் கட்சி அலுவலக வாசலில் நின்று, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்துபோய், முகம் பழகிய நிருபரிடம்தான் பேசுவார்கள். எனக்கு வந்த பெரிய செய்திகளில் பாதி அப்படி டீக்கடை நிழலில் வந்தவை. முன்பின் அறியாத ஒரு பெரிய நாளிதழின் மின்னஞ்சல் முகவரிக்கு எவரும் அந்த மாதிரிச் செய்தியை எழுதி அனுப்புவதில்லை.

மறுமொழி 6: நாசோவாசி

இந்த இழையைப் படித்த பிறகு ஒரு வேலை செய்தேன். வேட்பாளர்களும் உறுப்பினர்களும் அளிக்கும் சொத்து விவர அறிக்கைகள் பிரதிநிதிகள் சபை எழுத்தர் அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. சாண்டோஸ் வெளியேற்றப்பட்டதால் 2024 பிப்ரவரியில் நடந்த சிறப்புத் தேர்தலில் வென்று, இப்போது எங்கள் உறுப்பினராக இருக்கும் டாம் சுவோசியின் அறிக்கையை எடுத்து, அச்சிட்டு, பேனாவுடன் உட்கார்ந்தேன். வீட்டுக் கடன், முதலீடுகள், மதிப்பு வரம்புகள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகியும் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரியாத வரிகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். பழைய நிருபர் ஐயா, உங்களுக்கு நேரம் இருந்தால் அவற்றை இங்கேயே கேட்கலாமா?