உதவி: அப்பா டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் தப்பு, அவசரம்

பாகூர்_செல்வம்: வணக்கம். அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன். ராணுவத்திலிருந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் தப்பாக இருக்கிறது. ஆதாரில் டி ஹெச், புக்கில் டி ஹெச். பிறந்த வருஷமும் ஒத்துவரவில்லை. ஸ்பர்ஷ் பென்ஷன் இணையதளத்திலும் புக்கில் உள்ளபடியே ஏறியிருக்கிறது. எங்கே போய் மாற்றுவது? இந்த வாரமே முடிக்க வேண்டும். சர்வீஸ் நம்பர்: (நீக்கப்பட்டது)

நெறியாளர்: சர்வீஸ் நம்பரை எடுத்துவிட்டேன். பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு எதையும் இங்கே போட வேண்டாம்.

புலியூர்_கார்த்தி: ரெண்டிலும் டி ஹெச் என்றால் சரியாகத்தானே இருக்கிறது? என்ன மாற்றணும்?

பாகூர்_செல்வம்: ஐயோ. ஆதாரில் டெல்லிக்குப் போடுகிற டி. புக்கில் டீத்தூளுக்குப் போடுகிற டி. அம்மா பெயர் தனலட்சுமி.

மஞ்சக்குப்பம்_மணி: கெஜட்தான், அதாவது அரசிதழில் அறிவிப்புப் போடுவதுதான் ஒரே வழி. பெயர் விஷயம் எதுவானாலும் கெஜட்டில் வந்துவிட்டால் எவனும் கேள்வி கேட்க மாட்டான். என் மச்சான் அப்படித்தான் செய்தான்.

நெல்லிக்குப்பம்_ராஜா: மதராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனில் இருக்கிறது. நேரிலேயே போய்விடுங்கள். ஊட்டியையும் பார்த்த மாதிரி ஆச்சு.

புலியூர்_கார்த்தி: எதற்கு இவ்வளவு அலைச்சல்? ஆதாரை புக்கில் உள்ளபடி மாற்றிவிட்டால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை.

கிளார்க்_ஐயா: ரெக்கார்ட் ஆபீஸில் பல வருடம் பேனா பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. எந்த ரெஜிமென்ட்? அப்பா இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா? பாகூர் என்றால் புதுச்சேரி. டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த விலாசம் புதுச்சேரியா, கடலூரா? புக்கில் எந்த வருஷம், ஆதாரில் எந்த வருஷம்? ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் மூன்று பேர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஊர் பெயரைக் கேட்காமலே பஸ் ஏற்றிவிடுகிறீர்கள்.

மஞ்சக்குப்பம்_மணி: ஐயா வந்தாச்சு. இனி எல்லோரும் அட்டென்ஷன்.

பாகூர்_செல்வம்: மன்னிக்கணும் சார். அப்பா இருக்கிறார். பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறார். ஆர்ட்டிலரி, பீரங்கிப் படை. 79-ல் சேர்ந்து 96-ல் ஹவில்தாராக வந்தார். அப்போது விலாசம் கடலூர் பக்கம் கிராமம், இப்போது பாகூரில் வீடு. எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும், ஒரு ஊர் பாண்டி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி பாண்டி. புக்கில் அம்மாவுக்கு 1962, ஆதாரில் 1964. 64தான் சரி, பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கிறது.

கிளார்க்_ஐயா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு கேம்ப். வெலிங்டன் இல்லை. மதராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு, இஎம்இ என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இங்கே வழி சொல்கிற பாதிப் பேர் தமிழன் என்றாலே மதராஸ் ரெஜிமென்ட் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

சரி, கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் புக்கை மாற்றுவது கடைசி வேலை. ரெக்கார்ட்ஸில் இருக்கிற பதிவு முதலில் மாற வேண்டும். அதற்கு அப்பா, தன் கையெழுத்தில், நாசிக்கிலுள்ள ரெக்கார்ட்ஸ் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். நீங்கள் எழுதக்கூடாது, அவர்தான். எந்தப் பெயராகப் பதிந்திருக்கிறது, எது சரி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு அபிடவிட். கூடவே அம்மாவின் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், புக்கின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், பிபிஓ நகல், இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ. இதை எந்த ஜில்லாவில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்புங்கள். கடலூரில் பதிவு இருந்தால் கடலூர். பாண்டிக்கு மாற்றியிருந்தால் பாண்டி. இது தெரியாமல் இரண்டு இடத்திலும் வரிசையில் நின்றவர்கள் உண்டு.

அங்கே ஏற்றுக்கொண்டால் பார்ட் டூ ஆர்டர், அதாவது பதிவை மாற்றும் உத்தரவு போடுவார்கள். அதன் பிறகுதான் திருத்திய பிபிஓ, பிரயாக்ராஜ் பென்ஷன் ஆபீஸிலிருந்து. அது வந்தால் ஸ்பர்ஷில் தானாகத் தெரியும். ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை இது. மாசக் கணக்கு.

அசல் புக்கைத் தபாலில் அனுப்பாதீர்கள். பேனாவால் திருத்தவும் கூடாது.

பாகூர்_செல்வம்: சார், ஒரு விஷயம். அப்பா ஏற்கனவே திருத்திவிட்டார். நீல மையில் அந்த டி மேல் ஒரு கோடு போட்டு, மேலே குட்டியாக இன்னொரு டி எழுதியிருக்கிறார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வேறு. எப்போது செய்தார் என்று கேட்டால் "உங்க அம்மா கோவிச்சுக்கிட்டா, அன்னைக்கு" என்கிறார்.

புலியூர்_கார்த்தி: 😂😂 அப்பாவுக்கு ஒரு சல்யூட்

கிளார்க்_ஐயா: சிரிக்காதீர்கள். வைட்னர் வைக்க வேண்டாம், பிளேடால் சுரண்ட வேண்டாம், அப்படியே நகல் எடுங்கள். "அறியாமல் நானே திருத்தினேன்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

மஞ்சக்குப்பம்_மணி: கெஜட் போட்டால் இதெல்லாம் வேண்டாமே.

கிளார்க்_ஐயா: பெயரையே மாற்றுகிறவனுக்குத்தான் கெஜட். அந்த அம்மா பிறந்ததிலிருந்து தனலட்சுமிதான். ஆபீஸ் கேட்டால் அப்போது பார்க்கலாம்.

கார்த்தி தம்பிக்கு: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். ஒரு தப்புப் பதிவுக்காக நல்ல பதிவைக் கெடுத்துவிட்டு, அப்புறம் பான், பாஸ்புக், ரேஷன் கார்டு என்று ஊர்வலம் போவானேன்?

புலியூர்_கார்த்தி: சரி ஐயா. ஆனால் குடும்ப பென்ஷனில் 80 வயசுக்கு மேல் 20 சதவீதம் கூடும் என்கிறார்களே. புக்கில் 62 என்றால் இரண்டு வருஷம் முன்னாடியே கிடைக்கும். வருஷத்தை மட்டும் விட்டுவிடலாமா?

கிளார்க்_ஐயா: விட்டுவிட்டு, ஆதாரில் 64 என்று தெரிந்த அன்று வாங்கியதை வட்டியோடு கட்டுங்கள்.

கமலா_டீச்சர்: செல்வம், ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு எழுத்து. அப்பா இருக்கும் வரை யாரும் கவனிக்கவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு மேஜையிலும் அம்மா "நான்தான் அந்த ஆள்" என்று நிரூபித்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தோம், பாதி கரையான். உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டுத் தரும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வில்லியனூர்_வாசி: இந்தப் பிரச்சினையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. தாத்தா பிரெஞ்சு ஆர்மியில் சொல்தா, அதாவது சிப்பாய். எத்தா சிவில் பதிவேட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் இருக்கும்.

மஞ்சக்குப்பம்_மணி: ஆரம்பிச்சுட்டாங்கப்பா. பாண்டிக்காரர் எந்த இழையில் நுழைந்தாலும் தாத்தா சொல்தா.

வில்லியனூர்_வாசி: உண்மையைச் சொன்னால் கோபமா? பிரெஞ்சு ஆட்சியின் 1881 டிக்ரியில் ரெனோன்சாம், அதாவது மரபுச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். உங்களைப் போல இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று திண்டாடவில்லை.

நெல்லிக்குப்பம்_ராஜா: இனிஷியல் நம் அடையாளம். அதை விரித்து எழுதச் சொல்லி அப்பா பெயரை சர்நேம் ஆக்குகிற ஃபாரம்தான் தப்பு. என் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் அப்பா பெயர் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வில்லியனூர்_வாசி: அதான் சொல்கிறேன், குடும்பப் பெயர் இருந்தால்...

மஞ்சக்குப்பம்_மணி: எத்தா சிவிலிலேயே எங்கள் பெரியம்மா பெயரைப் படிக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். எழுத்து பிசகாதாம்.

நெறியாளர்: சொல்தா விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். செல்வம், ஏதாவது நடந்ததா?

புலியூர்_கார்த்தி: ஆள் காணோம்.

(நான்கு மாதம் கழித்து)

பாகூர்_செல்வம்: எல்லோருக்கும் நன்றி. வேலை, வர முடியவில்லை. பதிவு கடலூரில்தான் இருந்தது, அங்கே கொடுத்தோம். அபிடவிட்டில் முதல் தடவை அந்த டைப் அடித்தவரே பெயரைத் தப்பாக அடித்துவிட்டார், மறுபடி எடுத்தோம். நேற்று நாசிக்கிலிருந்து கடிதம், பார்ட் டூ ஆர்டர் ஆகிவிட்டது. பிபிஓ இன்னும் வரவில்லை.

கிளார்க்_ஐயா: வரும். ஆர்டரில் எழுத்தைச் சரிபார்த்தீர்களா? எந்த டி?

பாகூர்_செல்வம்: டெல்லி டி சார். அம்மாவே கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டார்.