புதுப்பிப்பு: இசட்/ஓஎஸ் என்எஃப்எஸ் சர்வரில் மவுண்ட் ஆகிறது, ஃபைல் திறக்கவில்லை (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இசட்/ஓஎஸ் என்பது ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளம்; என்எஃப்எஸ் சர்வர் அதன் ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிர்கிறது. லினக்ஸ் கிளையன்ட்டிலிருந்து மெயின்ஃபிரேம் டைரக்டரி மவுண்ட் ஆகிறது (அதாவது இணைகிறது), உள்ளே போனால் ‘பர்மிஷன் டினைட்’ வருகிறது என்று கேட்டிருந்தேன்.

எம்விஎஸ்லாகின் (கிளையன்ட்டிலிருந்து மெயின்ஃபிரேமில் லாகின் செய்யும் கமாண்ட்) கொடுத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் சரி. எங்கள் சர்வரில் செக்யூரிட்டி ஆட்ரிபியூட் (பாதுகாப்புக்கான செட்டிங்) ‘சேஃப்எக்ஸ்பி’. அதில் இரண்டு சோதனை உண்டு. மவுண்ட் செய்யலாமா என்பதை எக்ஸ்போர்ட்ஸ் பட்டியல் முடிவு செய்கிறது. ஃபைலைத் தொடலாமா என்பதை ராக்ஃப் (மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு மென்பொருள்) முடிவு செய்கிறது. மவுண்ட் வெற்றி என்பது பாதி அனுமதி மட்டுமே. கிளையன்ட்டில் எம்விஎஸ்லாகின் கொடுத்து மெயின்ஃபிரேம் யூசர் ஐடியில் நுழைந்ததும் எல்லாம் திறந்தது.

செக்யூரிட்டியை ‘நன்’ (எதுவும் இல்லை) ஆக்கிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம், இரண்டு சோதனையும் போய்விடும். எல்லோரும் படிக்கும் ஒரு பொது டைரக்டரிக்காக சர்வரில் ‘செக்லிஸ்ட்’ ஆட்ரிபியூட்டைப் போட்டு, அந்த டைரக்டரியின் பெயரை மட்டும் செக்லிஸ்ட் டேட்டாசெட்டில் (மெயின்ஃபிரேம் ஃபைல்) சேர்த்தோம். அங்கே ராக்ஃப் சோதனை மட்டும் விலகும், எக்ஸ்போர்ட்ஸ் சோதனை அப்படியே இருக்கும்.

எதிர்பாராதது ஒன்று: இரவு ஓடும் ஸ்கிரிப்ட் இடையில் மறுபடி தடைபட்டது. காரணம் ‘லாக்அவுட்’ ஆட்ரிபியூட். இயல்பு மதிப்பு 1800 வினாடி. அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் லாகின் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் எம்விஎஸ்லாகினைச் சேர்த்தபின் சரியாகிவிட்டது.

அப்புறம், எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலை மாற்றினால் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. மெயின்ஃபிரேம் ஆபரேட்டர் கொடுக்கும் மாடிஃபை கமாண்டில் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ்’ கொடுத்தால் போதும்.