இறால் குட்டையில் தெளித்த ஃபேஜ் ஏன் வேலை செய்யவில்லை?

தடா_இறால்:
தடாவுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் எனக்கு இரண்டு இறால் குட்டைகள் உள்ளன. விப்ரியோ பாக்டீரியாவை அழிப்பதற்காக வாங்கிய ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) திரவத்தை மே மாதம் முழுவதும் மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்து, ஒரு நாள் நண்பகலில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் கலந்து தெளித்தேன். விப்ரியோவால் இரவில் குட்டை நீர் மினுங்குவது நிற்கவில்லை. நீரின் உப்புதான் ஃபேஜைக் கொன்றது என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். அது சரியா?

நுண்ணுயிரியல்_மாணவி:
உப்பின் மீது பழி போட வேண்டாம், ஐயா. விப்ரியோவின் ஃபேஜ்கள் கடல்நீரிலேயே வாழ்பவை. மக்னீசியமும் கால்சியமும் குறைந்த நீரில்தான் பல ஃபேஜ்கள் நிலைகுலைகின்றன, அதனால்தான் ஆய்வகச் சேமிப்புக் கரைசலில் மக்னீசியம் சல்பேட் சேர்க்கிறார்கள். வாலுள்ள ஃபேஜ்களில் பெரும்பாலானவை 40 டிகிரி வெப்பத்தைச் சில மணி நேரம் தாங்கும் என்றாலும், அதே சூட்டில் வாரக்கணக்கில் கிடந்தால் உயிர்ப்புள்ளவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். 4 டிகிரியில், இருட்டில் வைப்பதே நல்லது. கிளிசரால் சேர்க்காமல் உறையவைத்தால் பனிப்படிகங்கள் ஃபேஜைச் சிதைத்துவிடக்கூடும். நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் ஃபேஜின் மரபுப் பொருளையே சேதப்படுத்தும் என்பதால், மாலையில் தெளித்திருக்க வேண்டும்.

குஞ்சுப்பண்ணை_சூளூர்பேட்டை:
எல்லோரும் வெயிலைப் பார்க்கிறீர்கள், குழாய்த் தண்ணீரைக் கவனிக்கவில்லை. அதில் குளோரின் இருந்திருந்தால், ஃபேஜ் குட்டைக்குப் போகும் முன்பே வாளியிலேயே கணிசமாக அழிந்திருக்கும். நாங்கள் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்த பிறகே எதையும் கலப்போம்; தங்களுக்கு அந்த வேலையும் வேண்டாம், குட்டை நீரையே மொண்டு கலக்கலாம். கார அமில அளவு 5 முதல் 9 வரை பெரும்பாலான ஃபேஜ்களுக்குத் தொல்லையில்லை, ஆனால் சுண்ணாம்பு போட்ட அன்றைக்குத் தெளிக்காதீர்கள்.

தடா_இறால்:
தண்ணீர்த் தொட்டியில் முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. அரைப் புட்டி மீதி இருக்கிறது. அதை நம்பலாமா?

நுண்ணுயிரியல்_மாணவி:
சோதிக்காமல் நம்ப வேண்டாம். பாக்டீரியா படர்ந்த தட்டில் ஃபேஜ் உண்டாக்கும் தெளிந்த வட்டங்களை ஆய்வகத்தில் எண்ணச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் வளர்க்க வேண்டியது தங்கள் குட்டையிலிருந்தே பிரித்தெடுத்த விப்ரியோ. ஏனெனில் ஒவ்வொரு ஃபேஜும் குறிப்பிட்ட சில வகைகளை மட்டுமே தாக்கும், ஆகவே புட்டியில் உள்ளது உயிர்ப்புடன் இருந்தும் தங்கள் குட்டைக்குப் பொருந்தாததாக இருக்கலாம்.