குஞ்சப்பனையில் நிறுத்தினார்கள்: பேர் மாற்றாத ஆர்.சி. புக்

கோத்தகிரியில் இருக்கிறேன். 2023 கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழைய ஆல்டோ வாங்கினேன், டி.என். 38 என்ற கோவைப் பதிவு வண்டி. பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஆர்.சி. புக்கும் கைக்கு வந்தது. ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒருநாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

2024 மே 7 முதல் மலை ஏறும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) வந்தது. நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். அம்மாவை மேட்டுப்பாளையத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு ஏறும்போது குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். "கோத்தகிரிதாங்க" என்றேன். "ஆர்.சி.யில் கோவை அட்ரஸ்தானே இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அம்மா பின் சீட்டில் சாய்ந்திருக்க, இ-பாஸ் எடுக்க சிக்னல் தேடி நின்றேன்.

மறுநாளே பேர் மாற்றக் கிளம்பினேன். (நம்பர் மாறாது, டி.என். 38 அப்படியேதான் இருக்கும். பேரும் முகவரியும்தான் மாறும்.) அப்போதுதான் சிக்கல்கள் தெரிந்தன. பரிவாகனில் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) விண்ணப்பித்தால் விற்றவர் போனுக்கு ஓ.டி.பி. போகிறது, அவர் அந்த நம்பரையே விட்டிருந்தார். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவும் நீங்கவில்லை. கடனை எப்போதோ கட்டிவிட்டார், ஆனால் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லை என்ற சான்று) வைத்து அதை எடுக்கவில்லை. நல்ல மனிதர், இரண்டு தடவை எனக்காக அலைந்தார். வாங்கிய வாரமே கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

இன்சூரன்சை மறந்துவிடாதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனியிடம் பேர் மாற்றச் சொல்ல வேண்டும். அதுவரை நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது சந்தேகம்தான். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) விற்றவருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நான் கட்டினேன்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் வாங்கினவர். நான் குன்னூரில் வேறொரு வண்டி விற்றவன். ஒரு புரோக்கர் மூலம் கொடுத்தேன், "பேர் நாங்களே மாத்திக்கிறோம்" என்றார்கள். எட்டு மாதம் கழித்து, நான் போயே இராத ஊரில் சிக்னல் மீறியதாக என் போனுக்கு அபராத மெசேஜ். அபராதம்கூடப் பரவாயில்லை. அந்த வண்டி யாரையாவது இடித்திருந்தால்? 2018-இல் நவீன் குமார், விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

விற்றவர் 14 நாளுக்குள் ஃபார்ம் 29-இல் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (வெளி மாநிலம் என்றால் 45 நாள்). வாங்கினவருக்கு 30 நாள். போன மாதம் தங்கச்சியின் ஸ்கூட்டரை விற்றபோது வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு நானே ஊட்டிக்குப் போனேன். பரிவாகனில் அவர் பேர் தெரிந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.