கேனை மெலிதாக்கியதும் தாமரை நசுங்கிப் போகிறது, அவசர உதவி தேவை

கொலுப்படி:
வணக்கம். தாம்பூலப் பையில் வைக்க 60 பாலிமர் கிளே (பிளாஸ்டிக் களிமண்) டோக்கன் செய்கிறேன். கேன் (எங்கே வெட்டினாலும் வில்லையில் ஒரே படம் வரும்படி நிறக் கிளேக்களை அடுக்கிய உருளை) கட்டி முடித்தபோது தாமரை அழகாக இருந்தது. உருட்டி 2 செ.மீ. ஆக்கி வெட்டினால் வெள்ளைக் கோடு ஒரு பக்கம் தடித்துவிடுகிறது, மறுபக்கம் காணாமலே போகிறது. வில்லையும் முட்டை வடிவில் வருகிறது. இரண்டு கேன் வீணாகிவிட்டது. எதனால் இப்படி?

நீலமணி:
எந்தக் கிளே? காற்றில் காய்வதா, ஓவனில் சுடுவதா? எதை வைத்து வெட்டுகிறீர்கள்? எந்த ஊர்?

கத்திமுனை:
பிளேடுதான் காரணம். காய்கறிக் கத்தியில் வெட்டினால் எனக்கும் முட்டைதான் வந்தது. மெல்லிய நீள பிளேடு வாங்குங்கள். ஒரு வில்லை வெட்டியதும் கேனைக் கால் சுற்று திருப்பிவிட்டு அடுத்ததை வெட்டுங்கள்.

மார்கழி:
பிளேடு அப்புறம். முதலில் கேனை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள் அக்கா. உருட்டின சூட்டோடு வெட்டினால் எந்த பிளேடும் நசுக்கத்தான் செய்யும்.

பழைய அச்சு:
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பிளேடும் ஃபிரிட்ஜும் முட்டை வடிவத்தைச் சரிசெய்யும், கோட்டைச் சரிசெய்யாது. இரண்டு நிறமும் ஒரே பதத்தில் இல்லை என்றால் இளகியது ஓடிவிடும், கெட்டியானது நின்றுவிடும். அதுதான் உங்கள் கோடு. இளகியதைத் தகடாக்கி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வையுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படியும். பிசைந்து பார்த்து இரண்டும் ஒன்றுபோல ஆனபிறகு கட்டுங்கள். எடுத்த எடுப்பில் உருட்டக் கூடாது. நடுவில் பிடித்துச் சுற்றிலும் அழுத்தி, மெல்ல இரு முனைக்கும் போக வேண்டும். உருட்டுவது கடைசியில் வழவழப்பாக்க மட்டும்.

நீலமணி:
இவ்வளவு தெரிந்தவர் அந்த முதல் வரி இல்லாமலே சொல்லியிருக்கலாம். புதிதாகச் செய்கிறவர், அவசரத்தில் கேட்கிறார்.

கொலுப்படி:
மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். சென்னை. ஓவனில் சுடுவதுதான். இரண்டும் வேறு வேறு பிராண்ட்: வெள்ளை ஃபிமோ, போன வருடம் வாங்கியது. பிங்க் பிரீமோ, புதுசு, கையில் ஒட்டுகிறது. கேன் 5 செ.மீ. விட்டம், 3 செ.மீ. உயரம்.

பழைய அச்சு:
பார்த்தீர்களா! பிங்க்கைத் தாளில் வையுங்கள். வெள்ளையைக் கைச்சூட்டில் நன்றாகப் பிசையுங்கள்.

கத்திமுனை:
கணக்கும் இடிக்கிறது. 5 செ.மீ. கேன் 2 செ.மீ. ஆனால் நீளம் ஆறேகால் மடங்கு, அதாவது ஏறக்குறைய 19 செ.மீ. 3 மி.மீ. கனத்தில் வெட்டினால் 62 வில்லை. ஆனால் இரு முனையிலும் படம் சிதைந்திருக்கும், அதைக் கழிக்க வேண்டும். 60 தேறாது.

மார்கழி:
ஃபிமோவுக்கு 110 டிகிரி, பிரீமோவுக்கு 135 போட்டிருக்கும். கலந்தால் எதில் சுடுவது? எங்கள் சமையல் ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) நான் 130 வைக்கிறேன்.

நீலமணி:
சமையல் ஓவனிலா? வேண்டாமே. இந்தக் கிளே பிவிசி பிளாஸ்டிக். சூடு மீறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். குழந்தைகள் இருக்கும் வீடு.

மார்கழி:
கருகினால்தானே? நான் ஓவனுக்குள் தனித் தெர்மாமீட்டர் வைத்து, தட்டை ஃபாயிலால் மூடித்தான் சுடுகிறேன். நான்கு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

நீலமணி:
ஓடிஜியின் திருகு காட்டுவதும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் உங்களைப் பார்த்துச் செய்வார்கள் என்பதுதான் என் கவலை. பழைய சின்ன ஓவன் ஒன்றைக் கிளேவுக்கென்றே ஒதுக்குங்கள்.

பழைய அச்சு:
கேள்வி கேனைப் பற்றி. ஓவனுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கத்திமுனை:
கொலுப்படி, என்ன ஆயிற்று? பிளேடு மாற்றினீர்களா?

*(ஐந்து நாள் கழித்து)*

கொலுப்படி:
பிங்க் ஒரு ராத்திரி முழுக்கத் தாளில் இருந்தது. நடுவிலிருந்து அழுத்தினேன், கோடு நேராக வந்துவிட்டது. 47 தேறியது, மீதிக்கு இன்னொரு கேன் கட்டுகிறேன். எல்லோருக்கும் நன்றி.