பெரிய பனோரமா: உடைந்த கம்பி, பாதிப் பேருந்து, சேமிக்க மறுக்கும் கோப்பு

கேள்வி (ஆழியார்க்காரன்):
வணக்கம். வால்பாறை மலைப்பாதையில் 9-வது கொண்டை ஊசி வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட். அங்கிருந்து ஆழியார் அணையை 85 மிமீ லென்ஸில், கேமராவைச் செங்குத்தாக வைத்து, 12 படங்களாக எடுத்து ஒரே பனோரமாவாக (அகலப் படமாக) ஒட்டினேன். 24 மெகாபிக்சல் கேமரா, லென்ஸ் துளை எஃப் 16, நடுப்பகல். அகலம் சுமார் 32,000 பிக்சல். 10 அடி நீளத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்ட ஆசை. கிட்டே போய்ப் பார்த்தால் தென்னை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஆனால் முன்னால் உள்ள தடுப்புக் கம்பி இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கீழே வளைவில் ஒரு பேருந்து பாதிதான் இருக்கிறது. தூரத்துத் தோப்பு பாசி படிந்ததுபோல் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கவும் விடமாட்டேன் என்கிறது.

பதில் (முக்காலி):
கடைசிப் பிரச்சினைதான் சுலபம். பிஎஸ்டி ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல்வரைதான் ஏற்கும். ஃபோட்டோஷாப்பிலேயே பெரிய படங்களுக்கான பிஎஸ்பி கோப்பாகச் சேமியுங்கள், அது 3,00,000 வரை தாங்கும்.

கம்பி உடைவது பேரலாக்ஸ். லென்ஸின் நுழைவுக் கண்ணை (முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் தெரியும் துளையை) அச்சாக வைத்துத் திருப்பாமல், கேமரா உடலைத் திருப்பினால் பக்கத்துப் பொருள் தூரத்துப் பொருளைவிட்டு நகரும். சோதிக்க, கிட்டே ஒரு குச்சி, தூரத்தில் ஒரு கம்பம், இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி இடவலமாகத் திருப்புங்கள். விலகினால் ஸ்லைடர் தட்டில் கேமராவை முன்பின் நகர்த்துங்கள். விலகாத இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கம்பியே வேண்டாம் என்பேன். 85 மிமீ-இல் இரண்டு மீட்டரில் இருப்பதும் அணையும் ஒன்றாகக் கூர்மையாக வராது, எஃப் 16 வைத்தாலும். கம்பியை ஒட்டி நின்று அதைச் சட்டத்துக்கு வெளியே விடுங்கள். எல்லாமே தூரம் என்றால் பேரலாக்ஸ் தொல்லை அநேகமாகப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்போ தோப்பு?

பதில் (பொள்ளாச்சிக்காரி):
அதற்கு இரண்டு காரணம். எஃப் 16-இல் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன், சிறிய துளை வழியே போகும் ஒளி பரவுவது) நுண்விவரத்தைத் தின்றுவிடும். எஃப் 8 வையுங்க. இன்னொன்று, நடுப்பகல் அனல். சமவெளியிலிருந்து எழும் சூட்டுக் காற்று தென்னை ஓலையை நெளிய வைக்கும், பின்னால் எவ்வளவு ஷார்ப்பன் செய்தாலும் அது திரும்பாது. விடிந்த கையோடு போங்க, மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், போகஸ் மூன்றும் மேனுவல்.

பேருந்துக்கு ஹுகின், பிடிகுய் என்ற படம் ஒட்டும் மென்பொருள் இரண்டிலும் மாஸ்க் உண்டு: முழுப் பேருந்து எந்தப் படத்தில் இருக்கிறதோ அதை வைத்து, மற்றதில் அந்த இடத்தை மறையுங்க. எந்தப் படத்திலுமே முழுசாக இல்லையென்றால் வெறும் சாலையை வைத்துவிடுங்க. இனி எடுக்கும்போது அந்தச் சாலை வளைவு வரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று படம் கூடுதலாக எடுங்க.

10 அடிக்கு 32,000 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 267 பிக்சல், தாராளம். முழுசாக அடிப்பதற்கு முன் தோப்புப் பகுதியை மட்டும் ஒரு அடி அகலத்துக்கு, அதே அளவில், அடித்துப் பாருங்க.