மாரண்டஅள்ளி பக்கம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி: விதி என்ன, யாரிடம் கேட்கணும்?

ராகிக்காடு (கேள்வி):

வணக்கம். மாரண்டஅள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. ஊரில் அஞ்சாவது வரைதான் பள்ளி. ஆறாவதுக்கு மேல் 7 கிலோமீட்டர் போகணும். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளி, தருமபுரி–ஓசூர் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து 19 பிள்ளைகள் போகிறார்கள். என் மகள் ஏழாவது.

டவுன் பஸ் காலையில் 6.50-க்கு ஒன்று, அடுத்தது 9.25-க்கு. முதல் பஸ்ஸில் அனுப்பினால் பள்ளி கேட் திறக்கும்வரை ரோட்டோரம் நிற்கணும். இரண்டாவதில் அனுப்பினால் பிரேயர் முடிந்து முதல் பீரியடும் பாதி போய்விடும். அதனால் பாதிப் பிள்ளைகள் ஒரு வேனில் போகிறார்கள், மாசம் 700 ரூபாய். மீதிப் பேர் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற பிக்கப்பில் ஏறிக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவர் எங்கள் ஊர்க்காரர்தான், நல்ல மனுஷன், காசு வாங்குவதில்லை. வேன்காரர் லீவு போட்டால் 19 பேரும் பிக்கப்தான்.

போன வாரம் என் மகள் முட்டி சிராய்ந்து வந்தாள். நசுங்கின தக்காளி ஒழுகி வண்டித் தரை வழுக்கலாக இருந்திருக்கிறது. திடீரென்று பிரேக் போட்டதும் காலி கிரேடு மேல் விழுந்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். யூனிபார்மைத் துவைக்க எடுத்தபோது பாவாடை ஓரமெல்லாம் தக்காளி விதை காய்ந்து ஒட்டியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மஞ்சள் பஸ்ஸுக்கு என்னென்னவோ விதி சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் போகிற வண்டிக்கு எது விதி? பள்ளியில் கேட்டால் "அது எங்கள் வண்டி இல்லையேம்மா" என்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

வண்டிப்பேப்பர்:

அக்கா, இருபது வருஷமாக வண்டி எப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் வேலை பார்க்கிறேன். முதலில் பிக்கப். நாளையிலிருந்தே நிறுத்துங்கள். அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிவருகிற ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2002-ல் சொல்லிவிட்டது. ஏதாவது ஆகிவிட்டால் நஷ்ட ஈடு முழுக்க அந்த நல்ல மனுஷன் தலையில்தான் விழும். அவர் நிலத்தை விற்றாலும் அடையாது. இதை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பெர்மிட்டை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு.

அப்புறம் வேன். நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்று பாருங்கள். வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோக வண்டி, காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. இன்சூரன்ஸிலும் இதே சிக்கல் வரும். மஞ்சள் போர்டு என்றால் ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று பாருங்கள். டிரைவரை விட்டு 12 பேர் வரை ஏற்றுகிற வண்டிதான் மேக்சி கேப். வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எப்.சி., இன்சூரன்ஸ் தேதியெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

"சின்னப் பிள்ளைகள்தானே, ஒன்றரை மடங்கு ஏற்றலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கணக்கு 12 வயசுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டியவர்கள், ஆளுக்கு ஒரு சீட்தான் கணக்கு.

மஞ்சள் பஸ் விதி பற்றிக் கேட்டீர்கள். டில்லியில் 1997 நவம்பரில் வசிராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளி பஸ் யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் 40 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அனுபவமுள்ள டிரைவர் என்றெல்லாம் கறாராகச் சொன்னது. நம் மாநிலத்தில் 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு சிறுமி பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன்னால் மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கலெக்டர், ஆர்.டி.ஓ., போலீஸ் எல்லாரும் சோதிப்பது பள்ளிகளின் மஞ்சள் வண்டிகளைத்தான். பெற்றோர் சேர்ந்து பேசிவைத்த வேன் அந்த மைதானத்துக்கு வருவதே இல்லை. உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் கண்ணாக இருக்கணும்.

ராகிக்காடு:

அண்ணா, ரொம்ப நன்றி. வேன் மஞ்சள் போர்டுதான், எப்.சி. இருக்கிறது, 12 சீட். ஆனால் பிக்கப்பை நிறுத்தினால் அதில் போகிற பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? மூன்று வீட்டில் 700 ரூபாய் கொடுக்க முடியாது. அதில் ஒரு பிள்ளை படிப்பையே விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சுண்ணக்கட்டி:

ஊத்தங்கரை பக்கம் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை நான். "எங்கள் வண்டி இல்லை" என்று பள்ளியில் சொன்னது காகிதப்படி சரி. ஆனால் பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பது பள்ளியின் விஷயம்தான். கட்டாயக் கல்விச் சட்டப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையுள்ள பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கணும். இல்லாத குடியிருப்புகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழித்துணை வசதி என்று ஓர் இனமே இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரை. உங்கள் ஊரில் ஆறு முதல் எட்டு வரை 11 பேர் இருந்தால் 66,000 ரூபாய். பாதி வேன் செலவு அதிலேயே அடங்கும்.

இதற்கு என்ன செய்யணும் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள். குழுத் தலைவரே ஒரு பெற்றோர்தான், அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குடியிருப்பின் பெயர், தூரம், வழியில் காடு, ஓடை, மெயின் ரோடு எது குறுக்கே வருகிறது, ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் எண்) எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு வட்டார வள மையத்துக்குப் போகணும். ஆண்டுத் திட்டம் போடும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் வரும். அதனால் தள்ளிப் போடாதீர்கள். பள்ளியில் தயங்கினால் 14417 பள்ளிக் கல்வி உதவி எண்ணில் கேளுங்கள்.

அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளையும் விடாதீர்கள், அவர்களுக்கும் இப்போது இந்த வசதியைக் கேட்கலாம்.

அரூர்க்காரி:

ராகிக்காடு அக்கா, எங்கள் ஊரிலும் இதே கதைதான். நாங்கள் பஸ் நேரத்தை மாற்றினோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பஸ்ஸில் பாஸ் இலவசம். நேரத்துக்கு ஒரு பஸ் வந்தால் வேனே வேண்டாம்.

முதல் மனுவில் "கூடுதல் பேருந்து வேண்டும்" என்று எழுதினோம். "வண்டி இல்லை, ஆள் இல்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவில் "இருக்கிற 9.20 நடையை 8.30-க்கு மாற்றித் தரணும்" என்று எழுதினோம். எந்த ஸ்டாப்பில் எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள் என்று எண்ணி ஒரு தாளில் போட்டோம். பக்கத்து மூன்று ஊர்களையும் சேர்த்ததில் 40 பேருக்கு மேல் வந்தது. ஒரு நகல் பணிமனைக் கிளை மேலாளருக்கு, ஒன்று தருமபுரி மண்டலப் பொது மேலாளருக்கு, ஒன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில். அங்கே தருகிற மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை அதைச் சொல்லித்தான் கேட்கணும். நாலு மாசம் ஆனது, ஆனால் நடந்தது.

பஸ் வந்த பிறகும் படிக்கட்டில் தொங்குகிறார்களா என்று பாருங்கள். எங்கள் பையன்களுக்கு அந்தப் பழக்கத்தை விட வைக்கத்தான் கஷ்டப்பட்டோம்.

வேன்_ஒசூர்_ரோடு:

நான் 14 வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறேன் அக்கா. பேப்பர் விஷயம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் இறங்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பயம் அங்கேதான்.

ஒரு நாள் ஒரு பிள்ளை இறங்கியதும் அதன் டிபன் பாக்ஸ் மூடி கழன்று உருண்டு வண்டிக்கு முன்னால் போய்விட்டது. எடுக்கக் குனிந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பம்பருக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. நான் கியர் போட்டுவிட்டேன். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த பத்தாவது பெண் "அண்ணா!" என்று கத்தினாள், நின்றேன். இன்று வரை அந்தக் குரல் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து, இறங்கின தலைகளை எண்ணி, எல்லாரும் கேட்டுக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடுக்கிறேன்.

மஞ்சள் பஸ்ஸில் டிரைவரோடு ஓர் உதவியாளரும் இருக்கணும் என்று விதி வைத்தது இதற்குத்தான். உங்கள் வேனில் அம்மாக்கள் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் கூடப் போகலாம். அந்த ஆளுக்கும் ஒரு சீட் கணக்கு என்பதை மறக்காதீர்கள். அப்புறம், உங்கள் பள்ளி மெயின் ரோட்டின் எந்தப் பக்கம்? எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் பிள்ளைகளைக் கடக்கச் சொல்கிற டிரைவரை ஒத்துக்கொள்ளாதீர்கள். சுற்றி வந்து கேட் பக்கமே இறக்கச் சொல்லுங்கள். டீசல் கூட ஆகும், ஆகட்டும்.

இன்னொன்று: வண்டி சமையல் கேஸ் சிலிண்டரில் ஓடுகிறதா என்று பின் சீட்டுக்கு அடியில் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றக்கூடாது.

ராகிக்காடு (ஆறு வாரம் கழித்து):

எல்லாருக்கும் என்ன ஆனது என்று சொல்லணும். பிக்கப் நின்றுவிட்டது. அந்த அண்ணனிடம் இன்சூரன்ஸ் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை நாள் சாமிதான் காப்பாத்தியிருக்கு" என்றார்.

வேன் இப்போது இரண்டு நடை. 7.50-க்கு ஒன்பது பேர், 8.30-க்கு பத்துப் பேர், கூடவே ஓர் அம்மா. 700 இப்போது 850 ஆகியிருக்கிறது. மூன்று வீட்டுப் பிள்ளைகளின் காசை மற்றவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். வேன்காரர் எதிர்ப்பக்கம்தான் இறக்கிக்கொண்டிருந்தார், இப்போது சுற்றி வந்து கேட் பக்கம் நிறுத்துகிறார். குழுத் தீர்மானம் போட்டு வட்டார வள மையத்தில் கொடுத்துவிட்டோம், பட்டியலில் 19 பேரும் இருக்கிறார்கள். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனுவும் கொடுத்தோம்; பணிமனையிலிருந்து ஒருவர் வந்து ஸ்டாப் ஸ்டாப்பாகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போனார். அடுத்த மாசத்திலிருந்து 9.25 நடையை 8.35-க்கு ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. சாயங்கால பஸ் பள்ளி ஸ்டாப்பை 4.05-க்குத் தாண்டிவிடுகிறது. பள்ளி விடுவது 4.10. அடுத்த பஸ் வரும்போது இருட்டிவிடும். இதற்குப் புதுசாக மனு எழுதணுமா?

அரூர்க்காரி:

வேண்டாம் அக்கா. பழைய மனு எண்ணையே போட்டு, "அதே வண்டியின் மாலை நடையை 20 நிமிஷம் தள்ளி 4.25-க்கு விடணும்" என்று ஒரே வரியில் எழுதிக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்கள். காலை நேரத்தை மாற்றி ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால் போங்கள். இரண்டு நடைக்கும் சேர்த்துத்தான் டிரைவர் டூட்டி போடுவார்கள், பிறகு மாற்றுவது சிரமம்.